கள்ளுக்கடைக் கணக்கும் மனக் கணக்கும்

நெல்லை மரக்காலால் அளக்கலாம். ரப்பர்ப் பாலை வாளி கொண்டு அளந்து, அளந்த அளவைக் கிராணி தம் புத்தகத்தில் ஏற்றிவிடலாம். ஒரு மனிதன் தன் துயரை எத்தனை குவளையில் கரைக்கிறான் என்பதை அளக்க எந்த வாளி உண்டு? அவன் மனம் நலிந்து கிடப்பதை எந்தப் புத்தகத்தில் ஏற்றுவது? மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாற்றைப் பயில்வோர் இவ்விரு வினாக்களையும் ஒதுக்கிவிட்டுச் செல்ல இயலாது. 'தமிழன் குடிகாரன்' என்னும் பழிச்சொல் நம் முன்னோர் முதுகில் நெடுங்காலம் ஏற்றப்பட்டிருந்தது. அப்பழிக்குச் சான்றாகக் காட்டப்பட்ட கணக்கை எடுத்தவர் யார், யாரைக் கேட்டு எடுத்தனர், எவ்விடத்தில் நின்று கேட்டனர் என்பவை ஆராயத்தக்கவை.

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியை எடுத்துக்கொள்வோம். மேற்கே கடலை ஒட்டிக் கோலசிலாங்கூர் மாவட்டம். கிழக்கே மலையை ஒட்டி உலு சிலாங்கூர். உலு சிலாங்கூரில் கோலகுபு பாருவுக்குத் தெற்கே இரயில் பாதையோரத்தில் அமைந்த சிற்றூர் ராசா. அதைச் சூழ்ந்தும், பத்தாங்காலி, கெர்லிங், களும்பாங் முதலிய ஊர்களை அடுத்தும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. இத்தோட்டங்களின் அன்றாட வாழ்வு ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டது. விடியுமுன் பெரட்டு, பின்னர்ப் பால்வெட்டு, நண்பகலில் பால் நிறுவை, மாலையில் லயத்து வாசல். ஆடவர் பலருக்கு அம்மாலை கள்ளுக்கடை வாசலில் கழிந்தது. துரையின் பங்களா, கிராணி வீடு, டிரெசரின் மருந்தகம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றோடு கள்ளுக்கடையும் தோட்டத்தின் அமைப்பில் ஓர் உறுப்பாகவே இருந்தது. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட தீமையன்று அது. நிர்வாகத்தின் இசைவோடு, அரசின் உரிமத்தோடு, தோட்டத்து எல்லைக்குள்ளேயே நடந்த கடை.

இப்பகுதியில் குடியைப் பற்றி அரசு முறைப்படி விசாரித்த தொடக்கக் கால முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, 1917இல் அறிக்கையளித்த ஆணைக்குழு. சிலாங்கூரின் கடலோர மாவட்டங்களில் கள் அளவிறந்தும் முறைகேடாகவும் பயன்படுத்தப்படுவதாக எழுந்த குற்றச்சாட்டை ஆராய்வதே அதற்கு இடப்பட்ட பணி. அதன் பெயரிலேயே இரு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, விசாரணை கடலோரத்தோடு நின்றது. தென்னை செழித்த கரையோரத்தில் கள் மிகுதி என்பதால் அவ்வெல்லை வகுக்கப்பட்டிருக்கலாம். ஆயினும் ராசா போன்ற உள்நாட்டுத் தோட்டங்களின் மக்கள் அவ்வெல்லைக்குப் புறத்தே நின்றுவிட்டனர். மற்றொன்று, வினாவே மாநிலத்தின் நல்லாட்சியைப் பற்றியதாக அமைந்தது. தொழிலாளியின் உடலும் உள்ளமும் நலமாயுள்ளனவா என்பது அங்கே முதல் வினாவன்று. அமைதி குலையாதிருக்க வேண்டும், வேலை தடைப்படாதிருக்க வேண்டும் என்னும் கவலையே முன்னின்றது.

அக்காலத்து விசாரணைகளில் சாட்சிக் கூண்டில் ஏறியவர் யாவர்? தோட்டத் துரைமார், மருத்துவர், காவல் அதிகாரிகள், தொழிலாளர் துறை அலுவலர். இவர்கள் பொய்யர் அல்லர். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைப்பாடு உண்டு. கள் இல்லையேல் தொழிலாளர் தோட்டத்தை விட்டுப் போய்விடுவர் என்பது துரைமாரிடையே வேரூன்றிய நம்பிக்கை. கள்ளை மூடினால் கள்ளச் சாராயம் பெருகும் என்பது காவல் துறையின் அச்சம். கள் உடலுக்கு ஊட்டமளிப்பது என்று வாதிட்டவரும் உளர். இவ்வாதங்களில் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும், குடிப்பவனின் மனைவியைக் கூப்பிட்டு, 'சம்பள நாளன்று உன் கைக்கு எவ்வளவு வருகிறது?' என்று ஒருவர் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் விடை, அத்தனை சாட்சியங்களையும் வேறொரு வெளிச்சத்தில் காட்டியிருக்கும். கள்ளுக்கடையைப் பற்றிப் பெண்கள் பாடிய நாட்டுப்புறப் பாடல்கள் தோட்டங்களில் வழங்கின. அவற்றைச் சான்றாகக் கொள்ள எந்த ஆணைக்குழுவுக்கும் தோன்றவில்லை.

கள்ளுக்கடைக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. எத்தனை கேலன் வந்தது, எத்தனை கேலன் விற்றது, எவ்வளவு பணம் சேர்ந்தது என்பன அதில் இருந்தன. இத்தகைய விற்பனைக் கணக்கை ஆட்தொகையால் வகுத்து, 'தலைக்கு இத்தனை' என்று கூறுவது எளிய வழி. எளிய வழியில் உள்ள குழியை ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம். ஒரு தோட்டத்தில் இருநூறு பேர். வாரத்துக்கு நூறு கேலன் விற்பனை. தலைக்கு அரை கேலன் என்று எழுதிவிடலாம். அவர்களுள் நூற்றிருபது பேர் கள்ளையே தொடாதவர் என்று வைத்துக்கொண்டால், குடிக்கும் எண்பது பேருக்கு ஆளொன்றுக்கு ஒன்றேகால் கேலன் ஆகிறது. அந்த எண்பதின்மருள்ளும் இருபது பேர் மட்டும் பாதிக் கள்ளைக் குடித்துத் தீர்ப்பவராயின், அவ்விருபதின்மருக்கு வாரம் இரண்டரை கேலன். சராசரி என்பது குடியாதவனைக் குடிகாரனாக்கியது. குடியில் மூழ்கியவனை மிதமானவனாக்கியது. இரண்டும் அநீதி. முதல் அநீதியால் ஓர் இனம் முழுவதும் பழி சுமந்தது. இரண்டாவது அநீதியால், உதவி தேவைப்பட்ட அந்த இருபதின்மர் யார் கண்ணுக்கும் புலப்படாமற் போயினர்.

அக்கால ஆட்சியாளருக்கு இதைவிடச் சிறந்த முறை தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சிலாங்கூர் ஆணைக்குழுவுக்கு ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் ஒரு மாபெரும் ஆய்வு நடந்து முடிந்திருந்தது. அது கஞ்சாவைப் பற்றியது. கஞ்சா புகைத்தால் மனிதன் பித்தனாகிறான், இந்தியப் பைத்தியக்கார விடுதிகள் அத்தகையோரால் நிரம்பியுள்ளன என்னும் கருத்து அன்று பரவியிருந்தது. 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மதுவிலக்கு இயக்கத்தில் ஈடுபட்டிருந்த வில்லியம் கெய்ன் என்னும் உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதுபற்றி வினா எழுப்பினார். அதன் விளைவாக, சர் வில்லியம் மாக்வொர்த் யங் தலைமையில் இந்தியக் கஞ்சா ஆணைக்குழு அமைந்தது. இந்தியர் மூவரும் அதில் உறுப்பினர். சென்னை மாகாணம் உள்ளிட்ட பல மாகாணங்களில் 1,193 சாட்சிகளின் வாக்குமூலம் திரட்டப்பட்டது. 1894இல் அறிக்கை எழுந்தது.

இவ்வாணைக்குழு செய்த செயல்களுள் ஒன்று மாணவர் ஒவ்வொருவரும் அறியவேண்டியது. பைத்தியக்கார விடுதிகளின் பதிவேடுகளில் 'நோய்க்குக் காரணம்' என ஒரு கட்டம் இருந்தது. 1892ஆம் ஆண்டில் விடுதிகளில் சேர்க்கப்பட்டோர் 1,344 பேர். அவர்களுள் 222 பேருக்கு அக்கட்டத்தில் கஞ்சாவே காரணமாகப் பதியப்பட்டிருந்தது. ஆறில் ஒரு பங்கு! இதைக் கண்டு எவரும் அஞ்சுவர். ஆணைக்குழு அஞ்சவில்லை, அக்கட்டத்தை நிரப்பியவர் யார் என்று கேட்டது. நோயாளியை விடுதிக்குக் கொண்டுவந்த காவலர் எழுதி அனுப்பிய குறிப்பையே பெரும்பாலும் மருத்துவர் படியெடுத்திருந்தனர் என்பது தெரியவந்தது. கட்டத்தை வெறுமையாய் விடலாகாது. நோயாளி கஞ்சா புகைத்ததுண்டு என்று எவரேனும் சொன்னால், அப்பழக்கமே காரணமாகிவிடும். ஆகவே ஆணைக்குழு அவ்வோராண்டு நோயாளிகளின் வரலாற்றை அவரவர் ஊரிலேயே விசாரிக்கச் செய்தது. உறவினர் கேட்கப்பட்டனர். முடிவில் கஞ்சாவோடு தொடர்புடையனவென ஏற்கத்தக்கவை 98 மட்டுமே. அவற்றுள்ளும் கஞ்சா ஒன்றே காரணமெனக் கொள்ளத்தக்கவை 61. இருநூற்றிருபத்திரண்டு அறுபத்தொன்றாகச் சுருங்கியது. பதிவேட்டின் ஒரு சிறு கட்டம் ஒரு துணைக்கண்டத்தின் மீது எத்துணைப் பெரிய பொய்யை ஏற்றிவைத்திருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அறுபத்தொன்று என்னும் எண்ணும் முற்றும் சரியானது என்று கொள்ள வேண்டியதில்லை. பிற்கால ஆராய்ச்சியாளர் அவ்வறிக்கையின் குறைகளையும் எடுத்துக்காட்டியுள்ளனர். கருதத்தக்கது அதன் மனப்பாங்கு: எண்ணை நம்புமுன் அந்த எண் பிறந்த இடத்துக்குச் சென்று பார்த்தல். கள்ளுக்கடைக் கணக்கின் மீது அப்பார்வை விழவில்லை.

மலாயாவில் மனநோயாளரைப் பராமரிக்கப் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டு பெரிய மருத்துவமனையொன்று திறக்கப்பட்டது. பின்னாளில் அது 'பஹாகியா' எனப் பெயர் பெற்றது. மகிழ்ச்சி என்பது அதன் பொருள். பெயர் மாறினும் பேச்சு வழக்கு மாறவில்லை. 'இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்' என்று ஒருவரையொருவர் ஏசும் வழக்கம் நாட்டின் எல்லா இனத்தாரிடையும் நிலைத்தது. ஓர் ஊரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்ட நாட்டில், வீட்டுக் கதவைத் தட்டி, 'உங்கள் குடும்பத்தில் மனநலம் குன்றியவர் உண்டா?' என்று கேட்டால் என்ன விடை வரும்? மருத்துவமனைக் கணக்கு, அங்கே கொண்டு செல்லப்பட்டவரின் கணக்கு மட்டுமே. பெரட்டுக்கு எழுந்து நிற்க முடிந்தவரை ஒருவன் நலமுடையவன் என்றே கொள்ளப்பட்டான். லயத்தின் இருண்ட மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த தாய், பூசாரியின் திருநீற்றோடும் வேப்பிலையோடும் விடப்பட்டாள். அவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தொழிலாளர் தம் வாயால் பேசத் தொடங்கிய காலம் பின்னர் வந்தது. 1936இல் மலாயா மத்திய இந்தியச் சங்கம் தோன்றிற்று. அவ்வாண்டின் இறுதியில் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் இந்நாட்டுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, 1937இல் அறிக்கை வெளியிட்டார். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அதன் கோரிக்கைகள் வரலாற்றில் இடம்பெற்றவை. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, பெண்கள் மீதான தொல்லைக்கு முடிவு, துரைமார் எதிர்ப்பட்டால் மிதிவண்டியினின்று இறங்கவேண்டும் என்ற இழிவின் ஒழிப்பு. இவற்றின் நடுவே கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே மாதத்தில் படை வரவழைக்கப்பட்டது. ஐந்து தொழிலாளர் துப்பாக்கிக்குப் பலியாயினர்.

கள் இல்லையேல் ஆள் நில்லான் என்றல்லவா துரைமார் நம்பியிருந்தனர்? அந்த ஆட்களே கடையை மூடு என்று கோரிக்கை வைத்தனர். எந்தச் சாட்சியமும் கண்டறியாத ஒரு செய்தியை அக்கோரிக்கைப் பட்டியல் உரைத்துவிட்டது. அதைவிட நுட்பமானது அப்பட்டியலின் அமைப்பு. கள்ளைத் தனித்ததோர் ஒழுக்கக் கேடாகத் தொழிலாளர் பார்க்கவில்லை. கூலிக் குறைவு, அவமானம், கல்வியின்மை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தனர். குடிக்கும் மனத்துயருக்கும் வாழ்நிலைக்கும் உள்ள உறவை இன்றைய அறிஞர் புள்ளியியல் கொண்டு நிறுவ முயல்கின்றனர். பால்மரத்தடியில் நின்றவர்கள் அதை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

போருக்குப் பின்னரும் இவ்வுணர்ச்சி அடங்கவில்லை. கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினர். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங்கில் காவலருடன் நேர்ந்த மோதலை ஒட்டித் தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார். கள் குடித்து மாண்டவர்களை எண்ணியவர் உண்டு. கள்ளை எதிர்த்து மாண்டவர்களையும் சேர்த்தெண்ணினால்தான் கணக்கு நேராகும்.

தமிழகத்தில் இதே காலத்தில் நடந்த ஒரு முயற்சியை இங்கே ஒப்புநோக்கலாம். இராசாசி தலைமையிலான சென்னை அரசு 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் பயனை அறியச் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் ஆய்வு நடத்தினார். 'நீ குடிக்கிறாயா?' என்ற வினாவைச் சுற்றியே நில்லாமல், குடும்பத்தின் வரவு செலவில் ஏற்பட்ட மாற்றத்தை நாடியது அவ்வாய்வு. உணவுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு என்பவை கூச்சமின்றிச் சொல்லத்தக்கவை. அவற்றின் ஏற்ற இறக்கத்தில் குடியின் சுவடும் தெரியும். இவ்வழியில் ஆய்ந்தால் இல்லத்தரசியின் சொல்லும் சான்றாகிவிடுகிறது.

மலாயா விடுதலை பெற்றபின் ஆய்வாளர் சிலர் தோட்டத்துக்கே குடிவந்தனர். இந்திய மானிடவியலறிஞர் இரவீந்திர கே. ஜெயின் 1962, 1963ஆம் ஆண்டுகளில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தங்கி, தொழிலாளரோடு பழகி, 1970இல் நூல் வெளியிட்டார். தோட்டத்துக்கு அவர் இட்ட 'பால் மெலாயு' என்பது புனைபெயர். தம்மை நம்பிப் பேசியவர்களின் அடையாளம் வெளிப்படலாகாது என்பதற்காக ஊர்ப்பெயரையே மறைத்தல் அத்துறையின் மரபு. துரை, கிராணி, மண்டோர் என்ற அடுக்கின் முன்னிலையில் கேட்கப்பட்ட பழைய விசாரணைகளோடு இதை ஒப்பிட்டால், வினாவின் தன்மை எவ்வளவு மாறிவிட்டது என்பது விளங்கும். ஆனால் ஒரு தோட்டத்தை ஆழ்ந்து அறிவதும் ஒரு நாட்டை அளப்பதும் வேறு வேறு. நாட்டை அளக்க மாதிரிக் கணிப்பு வேண்டும்.

அது மலேசியாவில் 1986இல் தொடங்கிற்று. சுகாதார அமைச்சின் தேசிய நலவாழ்வு, நோய்நிலைக் கணிப்பு முதலில் பத்தாண்டுக்கு ஒருமுறையாக 1996, 2006 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர்க் குறுகிய இடைவெளிகளிலும் நடைபெற்று வருகிறது. நாடு முழுவதும் குறிப்பிட்ட முறைப்படி வீடுகள் தெரிவு செய்யப்பட்டு, பயிற்சி பெற்றோர் சென்று வினவுகின்றனர். எந்த வீடு என்பதைத் துரையோ அதிகாரியோ முடிவு செய்வதில்லை. குலுக்கல் முடிவு செய்கிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டு இலட்சக்கணக்கானோரைப் பற்றிப் பேசும் தகுதி அக்குலுக்கலால்தான் வாய்க்கிறது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானையை நன்றாகக் கிளறியபின் எடுத்த சோறாக இருத்தல் வேண்டும்.

வினாக்களும் இப்போது கண்டபடி கேட்கப்படுவதில்லை. இலண்டனில் டேவிட் கோல்ட்பர்க் 1972இல் வெளியிட்ட பொது உடல்நல வினாநிரல் உலகெங்கும் பரவியது. உறக்கம் கெடுகிறதா, வேலையில் மனம் ஒன்றுகிறதா என்பன போன்ற வினாக்களால் மனத்தின் நிலையை அது தொட்டறிகிறது. குடிக்கென உலகச் சுகாதார நிறுவனம் 1980களின் இறுதியில் பத்து வினாக்கள் கொண்ட ஒரு தொகுதியை வகுத்தது. எத்தனை முறை, ஒரு வேளையில் எவ்வளவு, நிறுத்த நினைத்தும் இயலாமற் போனதுண்டா, மறுநாள் காலையில் குடியைத் தேடியதுண்டா, பிறர் கவலை தெரிவித்ததுண்டா என அவ்வினாக்கள் படிப்படியாகச் செல்கின்றன. 'குடிகாரனா, அல்லனா?' என்ற ஒற்றை வினா இதில் இல்லை. பழைய சராசரிக் கணக்கில் மறைந்துபோன அந்த இருபதின்மரைக் கண்டெடுப்பதற்கான முறை இது.

இக்கணிப்புகளின் எண்களைக் கையாளுவோர் விழிப்போடிருத்தல் வேண்டும். மனநலக் குறைபாடு 1996இல் நூற்றுக்கு 10.7, 2006இல் 11.2, 2015இல் 29.2 எனப் பதிவாகியுள்ளது. 2019ஆம் ஆண்டு அறிக்கையில் மனச்சோர்வு நூற்றுக்கு 2.3, 2023இல் 4.6. இவ்வெண்களை ஒரே ஏணியின் படிகளாக அடுக்கி, நாடு 2015இல் பித்துப்பிடித்து 2019இல் தெளிந்துவிட்டது என்று ஒருவர் மேடையில் முழங்கலாம். அது பிழை. முன்னைய எண்கள் பொதுவான மனத்துன்பத்தை வினாநிரல் கொண்டு வடிகட்டியவை. பின்னையவை மனச்சோர்வு என்னும் ஒரு நோய்நிலையை மட்டும் குறித்தவை. வலையின் கண் மாறினால் மீனின் கணக்கும் மாறும். 2019க்கும் 2023க்கும் இடையே எண் இருமடங்கானது மட்டும் ஒரே நோய்நிலையைப் பற்றியதாதலால் கவலையோடு நோக்கத்தக்கது.

எவ்வளவு நல்ல வினாவாயினும் மனிதன் மறைக்க விரும்பினால் மறைத்துவிடுவான். பல நாடுகளில், குடிப்பதாக மக்கள் ஒப்புக்கொண்ட அளவைக் கூட்டிப்பார்த்து விற்பனை அளவோடு ஒப்பிட்டபோது, ஒப்புக்கொண்டது விற்றதில் பாதியளவே வந்ததுண்டு. மீதிப் பாதியை யார் குடித்தார்? வெட்கம் குடித்தது எனலாம். இதற்கு அமெரிக்கப் புள்ளியியலறிஞர் ஸ்டான்லி வார்னர் 1965இல் கண்ட வழி சுவையானது. அதை நம் சூழலுக்கேற்ப இவ்வாறு விளக்கலாம். ஒரு பெட்டியில் பத்துச் சீட்டுகள்; ஏழில் 'நான் குடிப்பவன்' என்றும் மூன்றில் 'நான் குடியாதவன்' என்றும் எழுதியிருக்கும். ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்துத் தாம் மட்டும் படித்து, அது தமக்குப் பொருந்துமாயின் 'ஆம்' என்றும், பொருந்தாதாயின் 'இல்லை' என்றும் கூறிவிட்டுச் சீட்டைப் பெட்டியில் இடுவர். எந்தச் சீட்டு என்பது கேட்பவருக்குத் தெரியாது. ஆதலால் 'ஆம்' என்ற சொல்லால் எவர் இரகசியமும் வெளிப்படாது. ஆயினும் நூறு பேரில் நாற்பத்தாறு பேர் 'ஆம்' என்றால், ஏறத்தாழ நாற்பது பேர் குடிப்பவர் என்று கணக்கிட்டுவிடலாம். நாற்பதில் பத்துக்கு ஏழு பங்கு இருபத்தெட்டு, குடியாத அறுபதில் பத்துக்கு மூன்று பங்கு பதினெட்டு, கூட்டினால் நாற்பத்தாறு. தனிமனிதனின் மானத்தைக் காத்துக்கொண்டே சமுதாயத்தின் உண்மையைப் பெறலாம் என்பதைக் கணிதம் மெய்ப்பித்தது. அமெரிக்காவில் போதைப்பழக்கம் பற்றிய தேசியக் கணிப்பு 1971இல் தொடங்கியது. 1999இல் அது மறைவான வினாக்களைக் கணினி வழியே, ஆள் முகம் பாராமல் விடையளிக்கும் முறைக்கு மாறியது. எந்திரத்தின் முன் வெட்கம் குறைகிறது.

வெட்கத்தோடு அச்சமும் சேர்ந்தால் விடை இன்னும் அடைபடும். மலேசியாவில் தற்கொலை முயற்சி 2023ஆம் ஆண்டு வரை தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. அவ்வாண்டில்தான் அப்பிரிவு நீக்கப்பட்டது. அதற்கு முன் ஒருவரிடம், 'உயிரை விட முயன்றதுண்டா?' என்று கணிப்பாளர் கேட்டது, 'நீ குற்றம் செய்தாயா?' என்று கேட்டதற்கு ஒப்பாகும். இந்நாட்டு இந்தியரிடையே இத்துயர் மிகுதி என்பதை மருத்துவ ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. மனநோய் மருத்துவர் த. மணியம் கேமரன் மலைப்பகுதியை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரை அவற்றுள் ஒன்று. கள் வினவப்பட்ட அளவுக்கு இத்துயர் வினவப்படவில்லை.

தமிழாசிரியர்களுக்கு நேரடியாக உரிய பகுதி ஒன்று எஞ்சியுள்ளது. அது மொழி. வினாநிரல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. 'கடந்த இரு வாரங்களில் மனச்சோர்வுற்றிருந்தீர்களா?' என்று மொழிபெயர்த்துவிடலாம். இலக்கணப் பிழை இராது. ஆனால் தோட்டத்தில் வளர்ந்த மூதாட்டி 'மனச்சோர்வு' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'மனசே சரியில்லை', 'நெஞ்சு பாரமா இருக்கு', 'சோறு இறங்கல', 'யாரோ செய்வினை வெச்சுட்டாங்க' என்பவையே அவள் சொற்கள். அவள் மனத்தின் வலி உடலின் வழியாகவும் தெய்வத்தின் வழியாகவும் பேசுகிறது. வினாவின் சொல்லும் அவள் சொல்லும் சந்திக்காவிடில், 'இல்லை' என்று தலையசைத்துவிடுவாள். அந்த 'இல்லை' நலத்தின் கணக்கில் ஏறிவிடும். குடி பற்றிய வினாவிலும் இதே இடர்ப்பாடு உண்டு. பன்னாட்டு வினாநிரல் 'ஒரு நிலையளவு' என்று பேசும். தோட்டத்து ஆளுக்குத் தெரிந்தவை கள்ளுக்கு ஒரு குவளை, சம்சுக்கு ஒரு சின்னப் போத்தல். கள்ளில் போதைப்பொருளின் அளவு சிறிது. சம்சு அதனினும் பன்மடங்கு கடுமையானது. இரண்டையும் 'ஒன்று' என எண்ணினால் கணக்கு கவிழும். 'குடிப்பீர்களா?' என்றால், 'இல்லை, கள்தான் கொஞ்சம்' என்று வந்த விடையை எந்தக் கட்டத்தில் இடுவது? இத்தகைய வினாக்களைப் பழகுதமிழில் அமைத்து, அமைத்ததை வேறொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்கு மாற்றிச் சரிபார்த்து, தோட்டத்திலும் அடுக்குமாடியிலும் வாழ்வோரிடம் படித்துக்காட்டித் திருத்துவது மொழியறிந்தோர் செய்யத்தக்க பணி. மருத்துவரும் புள்ளியியலாளரும் தனியே இதைச் செய்ய மாட்டார்கள், அவர்களால் ஆகாது.

கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்தன. அவற்றின் இடத்தைச் சம்சு பிடித்தது. சீர்திருத்தம் விரும்பியோர் இதை எதிர்பார்க்கவில்லை. ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனையும் வீழ்ந்து பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் நகர்ப்புறத் தாமான்களுக்கும் சிதறின. தோட்டத்தில் எஞ்சிய வேலையைப் பெரிதும் அயல்நாட்டுத் தொழிலாளர் செய்கின்றனர். இன்று கணிப்பாளர் ஒருவர் ராசா வட்டாரத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், அங்கிருப்பவரை 'இந்தியர்', 'நகர்ப்புறம்' அல்லது 'நாட்டுப்புறம்' என்று பதிவார். அவர் எந்தத் தோட்டத்திலிருந்து வெளியேறியவர், எத்தனை தலைமுறை அங்கே பால் வெட்டினர், வெளியேறியபோது கோயிலும் பள்ளியும் அக்கம்பக்கத்து உறவும் என்னவாயின என்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை. மருத்துவரும் வக்கீலும் தோட்டத்தை இழந்தவரும் 'இந்தியர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். மீண்டும் அதே சராசரி.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயரும், தொழிலும், இருப்பிடமும் எழுதப்பட்டிருக்கும். மூடப்பட்டும் இடம் பெயர்ந்தும் போன பள்ளிகளின் பதிவேடுகள் எங்கெங்கோ அலமாரிகளில் கிடக்கின்றன. அப்பள்ளிகளில் பயின்றோர் முதியவராய் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் அவர்கள் மொழியில் கேட்க ஆள் வேண்டும்.